செப்டிமா கிளார்க் சாலையில் தண்ணீர்



சென்ற வாரம் நான் போட்ட நான்கு படங்களைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், எல்லாப் படத்திலயும் குடையும் கையுமா நிக்கிறீங்களே, அமெரிக்காவுல வெயிலே அடிக்காதா?" என்று பழைய ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவர் ஒருவர். "நயாகரா போகலையா அத்தை?" என்று என் அண்ணன் மகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட என் கட்டைவிரலுக்குத் தெம்பில்லை. மொத்தமாக இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நயாகரா போகவில்லை. மகன் கூட்டிப் போகிறேன் என்றான். நாங்கள்தான் வேறு திட்டம் போட்டோம். நாங்கள் என்றால் நான்கு பேர். பயிற்சிப் பள்ளியில் என்னோடு டி.டி.சி. படித்த இருவர்: காரைக்குடிக்காரி ஒருத்தி, பட்டுக்கோட்டை டீச்சர் ஒருத்தி. அடுத்து, எங்கள் ஒன்றியத்திலேயே தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மன்னார்குடி அக்கா. எங்கள் மூவருக்கும் அக்கா என்றால் அவர்தான். நால்வரின் பிள்ளைகளும் அட்லாண்டாவைச் சுற்றி இருப்பது தற்செயல். காரைக்குடிக்காரி அங்கே போய் இருபது வருடம் ஆகிறது. லாரிக்குப் பக்கத்தில் கண்ணை இமைக்காமல் வண்டி ஓட்டுகிறாள். பயிற்சிப் பள்ளியில் சைக்கிள் ஓட்டத் தெரியாமல் வேலியில் விழுந்தவள் இவள்தான் என்று சொன்னால் அவள் பேரன்கள் நம்ப மாட்டார்கள்.

ஜூன் கடைசி வாரம், ஐந்து நாள். சவானா, பிறகு செயின்ட் ஹெலினா தீவு, சார்ல்ஸ்டன், ஜான்ஸ் தீவு, திரும்ப அட்லாண்டா. பிள்ளைகள் யாரும் வரக் கூடாது என்பது அக்கா போட்ட நிபந்தனை. "அவங்க வந்தா நாம பார்க்கிறதை விட்டுட்டு நம்மையே பார்த்துக்கிட்டிருப்பாங்க" என்றார். புளிசாதம், இட்லிப்பொடி தடவிய இட்லி, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு வாளி நிறைய முறுக்கு. கூடவே மழை. கடல் பக்கமிருந்து வந்த மேகம் ஐந்து நாளும் எங்களை விடவில்லை.

அட்லாண்டாவிலிருந்து சவானா ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பாதி தூரத்துக்கு மேல் இருபுறமும் பைன் மரம் தவிர ஒன்றும் கிடையாது. அடைமழையில் அதுவும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் வைப்பரைப் பார்த்துக்கொண்டே போனோம்.

சவானா அழகான ஊர். 1733-ல் ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்பவர் கோடு போட்டு அமைத்தது. வீதிகளுக்கு நடுவே சின்னச் சின்னச் சதுக்கங்கள், இன்றைக்கும் 22 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓக் மரங்கள். கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் சடை சடையாகத் தொங்குவதை ஸ்பானியப் பாசி என்கிறார்கள். அது பாசியும் இல்லை, ஸ்பெயினைச் சேர்ந்ததும் இல்லை. அன்னாசிப் பழக் குடும்பத்துச் செடி. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாது, காற்றிலும் மழையிலும் கிடைப்பதை வைத்தே வாழும். இது தெரிந்ததும் பட்டுக்கோட்டை டீச்சர் நாற்பது படம் எடுத்தாள். அறிவியல் பாடம் நடத்திய கை சும்மா இருக்காது.

அந்தச் சதுக்கங்களில் ஒன்றைப் பார்க்கத்தான் நான் இவர்களை நச்சரித்து இழுத்துப் போனேன். அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்தவரும் அடிமை முறையைக் கடைசிவரை ஆதரித்துப் பேசியவருமான கால்ஹூன் பெயரில் இருந்த சதுக்கம் அது. 2023-ல் நகரசபை அதற்கு டெய்லர் சதுக்கம் என்று புதுப் பெயர் வைக்க முடிவெடுத்தது. டெய்லர் என்றால் சூசி கிங் டெய்லர். ஒரு டீச்சர்.

சூசி 1848-ல் அடிமையாகப் பிறந்தவர். அப்போது ஜார்ஜியாவில் கறுப்பின மக்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது சட்டப்படி குற்றம். சொல்லிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. சவானாவில் பாட்டி வீட்டில் வளர்ந்த சூசியும் அவர் தம்பியும் விதவையான ஒரு கறுப்பின அம்மாள் வீட்டுக்குப் படிக்கப் போவார்கள். புத்தகத்தைக் காகிதத்தில் பொட்டலம் மாதிரி சுற்றிக்கொள்ள வேண்டும். போலீஸோ வெள்ளைக்காரரோ பார்த்தால் ஏதோ சாமான் வாங்கிப் போகிறது பிள்ளை என்று நினைக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போவார்கள், ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். உள்நாட்டுப் போரில் 1862-ல் தப்பித்து வடக்குப் படையிடம் போய்ச் சேர்ந்தபோது சூசிக்கு வயது 14. படிக்கத் தெரியும் என்று தெரிந்ததும் ஒரு தீவில் பள்ளியை அவரிடம் ஒப்படைத்தார்கள். பகலில் பிள்ளைகள், இரவில் பெரியவர்கள். அதன் பிறகு கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றோடு போய் சிப்பாய்களுக்குத் துணி துவைத்தார், காயத்துக்கு மருந்து போட்டார், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எழுத்தும் சொல்லிக் கொடுத்தார். சம்பளம் கிடையாது. இதையெல்லாம் 1902-ல் அவரே புத்தகமாக எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

பதினான்கு வயதில் நான் தாவணியைச் சரியாகச் செருகத் தெரியாமல் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

சதுக்கத்தில் மழையைத் தவிர யாரும் இல்லை. எதிரே 1850-களின் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று நிற்கிறது. நாங்கள் நால்வரும் ஓக் மரத்தடியில் குடையை மடக்கியும் விரித்தும் பத்து நிமிடம் நின்றோம். "காகிதத்துல சுத்துனா நனைஞ்சிருமேடி, மழைக்காலத்துல என்ன பண்ணியிருப்பாங்க?" என்றார் அக்கா. ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

மறுநாள் காலை ஊரை விட்டுக் கிளம்பும்போது மேற்குப் பக்கம் ஒரு சின்னப் பூங்காவில் வண்டியை நிறுத்தினோம். சுற்றுலா வண்டிகள் வராத இடம். 2008-ல் நட்ட ஒரு பலகை மட்டும் இருக்கிறது. அதற்குக் கால் மைல் தூரத்தில் முன்பு ஒரு குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1859 மார்ச் 2, 3 தேதிகளில் பியர்ஸ் பட்லர் என்ற பண்ணை முதலாளி கடன் அடைப்பதற்காக 436 பேரை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தார். குதிரைக் கொட்டடியில் அடைத்து வைத்து ஏலம் போட்டார்கள். இரண்டு நாளும் பெருமழை. அந்த மக்களின் வழிவந்தவர்கள் அதை 'அழுகைக் காலம்' என்று சொல்லி வருகிறார்கள். விற்று முடித்ததும் பட்லர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டாலருக்குப் புது நாணயம் கொடுத்து அனுப்பினார் என்று அன்றைய பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு டாலரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஏலத்தை விட அதுதான் கொடூரம் என்று எனக்குப் படுகிறது. உங்களுக்கு எப்படிப் படுகிறது என்று கீழே எழுதுங்கள்.

பலகையைப் படித்து முடிக்கும்வரை யாரும் குடை பிடிக்கவில்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. வண்டியில் ஏறிய பிறகுதான் நால்வரும் தொப்பலாக நனைந்திருப்பது தெரிந்தது.

அங்கிருந்து தென் கரோலைனா எல்லை பக்கம்தான். கடலோரமாகப் போனால் வழியெல்லாம் உப்புச் சதுப்பு. பச்சைப் புல், நடுவில் வளைந்து வளைந்து தண்ணீர். நம் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை அலையாத்தி பார்த்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். செயின்ட் ஹெலினா தீவில் பென் பள்ளி வளாகம் இருக்கிறது. 1861 நவம்பரில் வடக்குக் கடற்படை வந்து பீரங்கி போட்டதும் பண்ணை முதலாளிகள் ஓடிவிட்டார்கள். அடிமைகளாக இருந்த பத்தாயிரம் பேர் அந்தத் தீவுகளில் முதலாளி இல்லாமல் நின்றார்கள். மறு வருடமே பென்சில்வேனியாவிலிருந்து லாரா டவுன் என்ற பெண்மணி வந்து பள்ளி தொடங்கினார். போர் முடியக்கூட இல்லை. 1901-ல் சாகும்வரை அந்தத் தீவை விட்டுப் போகவில்லை. ஆரம்ப காலத்தில் வகுப்பு நடந்த செங்கல் தேவாலயம் இன்னும் நிற்கிறது.

அங்கே பார்த்ததில் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரு கூடை. அந்தப் பகுதி கறுப்பின மக்களை கல்லா என்கிறார்கள். அவர்கள் ஒருவகைப் புல்லைச் சுருட்டிச் சுருட்டித் தைத்துப் பின்னுகிற கூடைகளில், அகலமாக, ஓரம் தாழ்ந்து ஒன்று இருக்கிறது. பார்த்ததும் அக்கா, "முறம்!" என்று சத்தமே போட்டுவிட்டார். முறமேதான். நெல் புடைக்கிற வேலை. இந்தக் கடலோரம் ஒரு காலத்தில் அரிசியால் கொழித்த பூமி. அந்த நெல்லை விளைவிக்கத் தெரிந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். கடல் ஏற்றத்தில் ஆற்று நீர் உயரும்போது மதகைத் திறந்து வயலில் பாய்ச்சி, இறங்கும்போது வடியவிட்டு விவசாயம். மன்னார்குடி அக்கா வயல்காட்டில் பிறந்தவர். மதகு வேலையைப் பற்றி அரைமணி நேரம் கேள்வி கேட்டு அங்கிருந்த பெண்ணை ஒரு வழி பண்ணிவிட்டார். மொழிபெயர்த்தது நான். 'மடை', 'வாமடை' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வித்தியாசம் சொல்வது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். அங்கே 'சிவப்புச் சாதம்' என்று ஒன்று போடுகிறார்கள், கிட்டத்தட்ட நம் தக்காளி சாதம். தட்டைப்பயறு போட்ட சாதம் ஒன்று. வெண்டைக்காய்க் குழம்பு. எல்லாம் நம் வீட்டுப் பண்டம் போலவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்திருப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சோள ரவைக் கஞ்சி ஒன்று காலையில் கிடைக்கும். உப்பும் ஊறுகாயும் சேர்த்தால் அமிர்தம்.

இனி சார்ல்ஸ்டன். பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1670-ல் தொடங்கிய ஊர். மூன்று பக்கம் தண்ணீர். நிலமட்டம் கடல் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகாலில் தண்ணீர் போகாது, எதிர்த்து மேலே வரும். எங்களுக்கு அந்த யோகம் வாய்த்தது. ஊருக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போவதற்குள் நான்கு பேரின் கைபேசியும் ஒரே நேரத்தில் அலறின. வெள்ள எச்சரிக்கையாம். பட்டுக்கோட்டை டீச்சர் தூக்கத்திலிருந்து எழுந்து "பெல் அடிச்சாச்சா?" என்றாள். அந்த நேரத்திலும் சிரித்தோம். முன்னே போன கார் ஒன்று சக்கரம் மூழ்கி நின்றது. வழிகாட்டுகிற பெண்குரல் மட்டும் எதற்கும் அசராமல், "செப்டிமா பி. கிளார்க் பார்க்வே வழியாகத் தொடரவும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. காரைக்குடிக்காரி, "அந்த அம்மா வந்து தள்ளுவாளா?" என்று சொல்லிவிட்டு, மேடாகத் தெரிந்த ஒரு கடை வாசலுக்கு வண்டியை ஏற்றிவிட்டாள்.

கடைத் தாழ்வாரத்தில் எங்களைப் போலவே நாலைந்து பேர் ஒதுங்கியிருந்தார்கள். எங்கள் வயதுக்கு மேல் இருக்கும் ஒரு கறுப்பின அம்மாள், பிளாஸ்டிக் பையைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். எங்கே இருந்து வருகிறீர்கள், என்ன வேலை பார்த்தீர்கள் என்று விசாரித்தார். நான்கு பேரும் டீச்சர் என்றதும் ஒரு சிரிப்பு. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சாலையைக் கையால் காட்டி, "அது யார் பெயர் தெரியுமா? அவரும் டீச்சர்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மரியாதைதான் செய்தார்கள். ஆனால் அந்தச் சாலையே எங்கள் மக்களின் வீடுகளை இடித்துப் போட்டது. மழை பெய்தால் முதலில் முழுகுவதும் அதுதான்" என்றார். ஒன்றரை மணி நேரம் நின்றோம். முறுக்கு வாளி தாழ்வாரம் முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தது.

மறுநாள் முழுக்க அந்த டீச்சரைத் தேடியே சுற்றினோம். ஆப்பிரிக்கர்களை இறக்கிய காட்ஸ்டன் துறை இருந்த இடத்தில் 2023-ல் திறந்த பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. துறை நிலத்தை மிதிக்காதபடி கட்டடத்தையே தூண்கள் மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். அடியில் கப்பலில் அடுக்கிக் கொண்டுவந்த மனித உருவங்களைத் தரையில் கோட்டுருவமாகப் பதித்து, மேலே தண்ணீர் ஏறி இறங்கும்படி செய்திருக்கிறார்கள். அன்று மேலிருந்தும் தண்ணீர். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

பிறகு ஏவெரி. 1865-ல், போர் முடிந்த வருடமே, கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி. ஏவெரி நார்மல் இன்ஸ்டிட்யூட் என்று பெயர். என் அப்பா காலத்தில் நம் ஊரிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை நார்மல் ஸ்கூல் என்றே சொல்வார்கள், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆக, செப்டிமா கிளார்க்கும் நம்மைப் போல டி.டி.சி.தான்! இப்போது அது கல்லூரியின் ஆய்வு மையம்.

அவர் அப்பா அடிமையாகப் பிறந்தவர். முதலாளி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவர் வேலை. பள்ளி வாசல் வரைதான் அவருக்கு அனுமதி. (முதலாளி பெயர் ஜோயல் பாயின்செட். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பு இலையோடு தொட்டியில் விற்கிற பாயின்செட்டியா செடியை மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்தவர். பூ நினைவிருக்கிற அளவுக்கு மற்றது யாருக்கும் நினைவில்லை.) அந்த அப்பாவின் மகள் 1898-ல் பிறந்து, 1916-ல் ஏவெரியில் படிப்பு முடித்தார். சார்ல்ஸ்டன் நகரப் பள்ளிகளில் அப்போது கறுப்பின ஆசிரியர்களைச் சேர்க்க மாட்டார்கள், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக்கூட. அதனால் ஜான்ஸ் தீவுக்குப் போனார். அங்கே அவரும் இன்னொருவரும், இரண்டே ஆசிரியர். பிள்ளைகள் 132 பேர். அருகிலிருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்றே பிள்ளைகள், அதற்குச் சம்பளம் அதிகம். ஓராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் வைத்து மேய்த்தவள் நான். 132 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

நாற்பது வருடம் வேலை பார்த்தார். 1956-ல் தென் கரோலைனாவில் ஒரு சட்டம் வந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909 முதல் போராடி வரும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தில் அரசு ஊழியர் எவரும் இருக்கக் கூடாது. செப்டிமா உறுப்பினர் அட்டையை மறைக்கவில்லை, விலகவும் இல்லை. வேலை போயிற்று. ஓய்வூதியமும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 58. நாம் மாலையும் குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன வயது.

அருங்காட்சியகத்தில் அவருடைய நினைவுகள் புத்தகத்தை வாங்கினோம். இரவு விடுதி அறையில் காரைக்குடிக்காரி அதைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். வெளியே மழை. சட்டம் வந்ததும் செப்டிமா கறுப்பின ஆசிரியர்கள் 726 பேருக்குக் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதுகிறார், எல்லோரும் சேர்ந்து எதிர்ப்போம் என்று. பதில் போட்டவர்கள் 26 பேர். கல்வி அதிகாரியைப் பார்க்க வருகிறேன் என்றவர்கள் 11. போன அன்று வந்தவர்கள் ஐந்து. வேலை போன பிறகு அவருடைய மகளிர் சங்கத்தார் பாராட்டு விழா நடத்தினார்கள், ஆனால் அவரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள ஒருவரும் நிற்கவில்லை. படம் வெளியே தெரிந்தால் தங்கள் வேலையும் போகும் என்ற பயம்.

இந்த இடத்தில் காரைக்குடிக்காரி கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அவளுக்கு விஷயம் தெரியும்.

அடுத்து எழுதுவதை அக்காவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். "எழுது, என் பேரனும் படிக்கட்டும்" என்றார்.

என் பழைய மாணவர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஒருமுறை வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக எனக்குப் பணிநீக்க ஆணை வந்தது. சில வாரங்களில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சில வாரங்கள் எவ்வளவு நீளம் என்பது, மாதச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளையும் மாமியாரையும் வைத்துக் குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் தெரியும். பட்டுக்கோட்டை டீச்சர் அவளுக்கும் ஆணை வந்திருந்த நிலையில் அரை மூட்டை அரிசியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தாள். அக்கா வேலைநிறுத்தத்துக்கு வரவில்லை. அவர் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. தினமும் காலை எட்டரை மணிக்கு என் வாசல் வழியாகப் போகிறவர், "கிளம்பியாச்சா?" என்று ஒரு குரல் கொடுக்காமல் போகமாட்டார். அந்த நாட்களில் அந்தக் குரல் கேட்கவில்லை. பின்னால் எல்லாம் சரியானது, பழையபடி பேசினோம், பிள்ளைகள் கல்யாணத்தில் முன்னால் நின்றோம். இத்தனை வருடத்தில் இதை மட்டும் இருவரும் பேசியதில்லை.

அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். திரும்பாமலே சொன்னார்: "அந்த எழுநூத்துச் சொச்சத்துல நானும் ஒருத்திதான்டி. அப்ப அவரு படுத்த படுக்கை. ரெண்டு பொண்ணுங்க. உன் தெருவுல என்னைப் பார்த்து யாராவது எழுதிப் போட்டுருவாங்கன்னு குளத்தங்கரையைச் சுத்திப் போவேன். தினம். மழைன்னாலும் சுத்தித்தான் போவேன்."

எனக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது, இருபது வருடமாகச் சேர்த்து வைத்தது. ஒன்றையும் சொல்லவில்லை. எழுந்து கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, கொண்டுபோயிருந்த சுக்குப்பொடியில் நான்கு கப் போட்டேன். அக்கா எழுந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். "சர்க்கரை பத்தல" என்றார்.

பதில் போடாத அந்த எழுநூறு பேரைப் பற்றி அதன் பிறகு நிறைய யோசித்தேன். அவர்களும் மறுநாள் காலை மணி அடித்ததும் கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் பாடம் நடத்தியிருப்பார்கள். நல்ல ஆசிரியர்களாகவும் இருந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர்தான் பின்னால் வீதியில் இறங்கியும் இருப்பார்கள். புத்தகத்தில் செப்டிமா அவர்களை வசைபாடவில்லை. தாம்தான் அவசரப்பட்டோம், முதலில் ஆட்களைத் தயார் செய்திருக்க வேண்டும் என்கிற தோரணையில் பேசுகிறார். அதுதான் அசல் டீச்சர் புத்தி. பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் பாடத்தை மாற்றிச் சொல்லிப் பார்ப்பது.

நான்காம் நாள் ஜான்ஸ் தீவு. சார்ல்ஸ்டனிலிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும். முன்பு பாலம் கிடையாது, படகில்தான் போக வேண்டும். அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்று ஒருவர். தீவிலிருந்து ஊருக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்ல ஒரு பஸ் ஓட்டினார். அந்த மாநிலத்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமானால் அரசியலமைப்பில் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். அதனால் போகிற வழியெல்லாம் பஸ்ஸிலேயே பாடம். ஆலிஸ் வைன் என்ற பெண்மணி படிக்கத் தெரியாமலே, காதால் கேட்டு மனப்பாடம் செய்து, அதிகாரி முன் ஒப்பித்துப் பெயர் பதிந்துவிட்டார். ஆனால் அவருக்கு அது போதவில்லை, எனக்கு நிஜமாகவே படிக்க வேண்டும் என்றார்.

1957 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. முன்னால் மளிகைக் கடை, பின்னால் வகுப்பு. வெள்ளையர் கண்ணுக்குக் கடை மட்டும் தெரியும். சொல்லிக் கொடுக்க செப்டிமா தேர்ந்தெடுத்தது ஆசிரியரை அல்ல, தன் உறவுக்காரப் பெண்ணான பெர்னிஸ் ராபின்சனை. அவர் தலை அலங்காரம் செய்பவர். பயிற்சி பெற்ற ஆசிரியர் என்றால் முதியவர்களை அதட்டுவார் என்று செப்டிமாவுக்குப் பயம். நமக்குக் கோபம் வர வேண்டிய இடம். அவர் சொன்னது சரி என்பதும் நமக்குத் தெரியும். பெர்னிஸ் முதல் நாள் பாலர் பாடப் புத்தகத்தோடு போய்ப் பார்த்துவிட்டு அதை ஓரம் வைத்தார். உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று வந்தவர்களிடமே கேட்டார். பெயரை எழுத வேண்டும். பைபிள் படிக்க வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். அதுவே பாடத்திட்டம் ஆனது. 1970 வரை தெற்கு மாநிலங்களில் இப்படி ஏறத்தாழ 900 வகுப்புகள். ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழுந்திருக்க மறுப்பதற்கு சில மாதம் முன்பு, 1955 கோடையில், கலந்துகொண்ட பயிற்சி முகாமும் செப்டிமா நடத்தியதுதான்.

எங்கள் மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி நடந்தபோது நானும் இரவு வகுப்பு எடுத்தேன், கல்குவாரிப் பெண்களுக்கு. பகலெல்லாம் சுத்தியல் பிடித்த விரலில் சிலேட்டுக்குச்சி நிற்காது, உடையும். அவர்களில் ஒருவர், "கைநாட்டு கிடக்கட்டும் டீச்சர், பஸ் போர்டு படிக்க முதல்ல சொல்லிக் குடு. கண்டக்டரைக் கேட்டா சள்ளுனு விழுறான்" என்றார். அன்றைக்கு அ, ஆ-வை விட்டுவிட்டு புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை, திருச்சி என்று மூன்று ஊர்ப் பெயரைத் தரையில் எழுதினேன். ஜான்ஸ் தீவு பஸ் கதையை நான் சொன்னதும் அக்கா, "நீ அங்கேருந்து காப்பி அடிச்சியா, அவங்க இங்கேருந்து அடிச்சாங்களா?" என்று கேட்டார். முந்தின இரவுக்குப் பிறகு அவர் பேசிய முதல் நகைச்சுவை.

ஜென்கின்ஸ் குழுவினர் 1963-ல் அதே தீவில் கட்டிய கூடம் 1989-ல் ஹ்யூகோ புயலில் பாழானது. சாலையோரம் நின்று அந்த இடத்தைப் பார்த்தோம். பக்கத்திலேயே ஏஞ்சல் ஓக் என்ற பிரமாண்ட மரம். பல நூறு வயது என்கிறார்கள். கிளைகள் நம் ஆலமரம் போல விழுது இறக்காமல், தாமே தரையில் படுத்துத் திரும்ப எழுந்து போகின்றன. அதன் அடியில் நிற்கும்போது மழை வெகுநேரம் எங்கள் மேல் விழவில்லை.

செப்டிமாவின் ஓய்வூதியத்தை 1976-ல்தான் திரும்பத் தந்தார்கள். இருபது வருடம். அதற்கு முந்தின வருடம் சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளி வாரியத்துக்கு அவரே தேர்தலில் நின்று ஜெயித்திருந்தார். 1987-ல் காலமானார்.

ஐந்தாம் நாள் நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம், அகஸ்டா தாண்டியதும் வெயில். அவ்வளவுதான்.

ஜார்ஜியா, கரோலைனா பக்கம் இருக்கிற என் மாணவர்கள் பெற்றோர் வந்தால் கூட்டிப் போங்கள். சார்ல்ஸ்டனில் அறை எடுக்கும் முன் கடல் ஏற்ற நேரத்தைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏவெரிக்கு முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள். கால் நனையாத செருப்பு என்று ஒன்று உலகத்தில் கிடையாது, ரப்பர் செருப்பே உத்தமம்.

படங்கள் எல்லாம் பட்டுக்கோட்டை டீச்சர் கைவண்ணம். மூன்றாவது படம் மட்டும் ஓக் மரத்தடியில் வழியில் வந்த ஒரு பையனிடம் கொடுத்து எடுத்தது. அதில் நீல மழைக்கோட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் அக்கா.